பாலாற்றுக்கு எந்தக் கரையில் வீடு? வேலூரில் குடியேற இடம் பார்ப்பவர்களுக்கு

வேலூருக்கு வேலை மாற்றலாகி வரும் குடும்பம் முதலில் கேட்பது, "நல்ல ஏரியா எது?" என்றுதான். கேட்ட உடனே மூன்று பெயர் வந்து விழும்: காந்தி நகர், சத்துவாச்சாரி, பாகாயம். மூன்றும் நல்ல இடங்கள்தான். ஆனால் ஆளைப் பார்க்காமல் சொன்னால், மூன்றில் எதுவானாலும் தினமும் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். இந்த ஊரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. வீட்டில் உள்ளவர்கள் அன்றாடம் போய் வரும் இடங்கள் பாலாற்றுக்கு எந்தப் பக்கம் இருக்கின்றன?

பாலாறு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. கோட்டை, சிஎம்சி மருத்துவமனை, பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம், ஆட்சியர் அலுவலகம், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை எல்லாம் தென்கரையில். காட்பாடி ஜங்ஷன், விஐடி பல்கலைக்கழகம், சித்தூர் சாலை வடகரையில். 2008-ல் வேலூர் மாநகராட்சி ஆனது. 2011-ல் சத்துவாச்சாரி, தாராபடவேடு உள்ளிட்ட சுற்றுப்புற ஊர்கள் சேர்ந்து 60 வார்டு, 4 மண்டலம் ஆயின. காகிதத்தில் ஒரே ஊர். நடைமுறையில், பாலம் கட்டி இணைத்த இரண்டு ஊர்கள்.

இந்த இணைப்புதான் ஊரின் கழுத்து. காட்பாடியிலிருந்து விருதம்பட்டு வழியாக ஆற்றைக் கடந்து வேலூருக்குள் வரும் அந்த ஒரே தடத்தில்தான் டவுன் பஸ், கல்லூரி வண்டி, ஷேர் ஆட்டோ, ரயிலுக்கு ஓடுகிறவர்கள், ஆம்புலன்ஸ் எல்லாம். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையில் ஓடும் 1, 2 எண் பேருந்துகள் இந்தத் தடத்தின் நீளம் முழுக்க அளந்துவிடும். காலை எட்டரை முதல் பத்து வரையும், மாலை ஐந்து முதல் ஏழரை வரையும் அதில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சிஎம்சி வாசலுக்கும் காட்பாடி ஸ்டேஷனுக்கும் இடையே ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஞாயிறு காலையில் கால் மணி நேரப் பயணம். திங்கள் காலையில் அந்தக் கணக்கு செல்லாது. வீட்டுத் தரகர் வீடு காட்ட அழைத்துப் போவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை என்பதை மறக்க வேண்டாம்.

சித்தூர் சாலைப் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு இன்னொரு கழுத்தும் உண்டு: காட்பாடி ரயில்வே மேம்பாலம். 2022 ஜூனில் இணைப்புப் பகுதிகளைப் பழுது பார்க்க அதை மூடியபோது, அந்தப் பக்கத்து வாழ்க்கையே சுற்றுவழியில் ஓடியது. ஒரே வழியை நம்பியிருக்கும் இடத்தில் வீடு பார்த்தால் மாற்று வழி என்ன என்று அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செல்போன் வரைபடம் இங்கே நிறையப் பேரை ஏமாற்றுகிறது. வாரியார் சுவாமிகள் பிறந்த காங்கேயநல்லூர் வடகரையில் இருக்கிறது. ஆற்றுக்கு எதிரே தென்கரையில் சத்துவாச்சாரி. படத்தில் கூப்பிடு தூரம். ஆறு குறுக்கே கிடக்கும்போது கூப்பிடு தூரம் என்ற கணக்கு உதவாது. பாலத்தைத் தேடிப் போகும் தூரம்தான் கணக்கு. "இங்கே பாலம் வரப்போகுது சார், விலை ஏறிடும்" என்று சொல்லி விற்பவரிடம், திறந்து பஸ் ஓடுகிற பாலத்துக்கு மட்டும் விலை கொடுங்கள். அறிவிப்புக்கும் திறப்புக்கும் நடுவில் ஒரு குழந்தை பத்தாம் வகுப்பு முடித்துவிடலாம்.

கணவன் விஐடியில், மனைவி அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வடகரையில் காட்பாடி–திருவலம் சாலையில். மற்றது தெற்கே, ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி. பலர் செய்வது, "நடுவில் பார்ப்போம்" என்று தோட்டப்பாளையம், சாயிநாதபுரம் பக்கம் தேடுவது. அது இருவரையும் தினமும் நெரிசலுக்குள் தள்ளும் ஏற்பாடு. இரவுப் பணி யாருக்கு இருக்கிறதோ அவர் பக்கம் வீட்டை வைத்துவிடுவது மேல். இரவு ஒன்பது மணிக்கு மேல் டவுன் பஸ் அரிதாகும். ஷேர் ஆட்டோ முழு ஆட்டோ ஆகிவிடும். செலவும் பயமும் அவருக்குத்தான். பகல் வேலைக்காரர் காலையில் அரை மணி முன்னால் கிளம்பிப் பாலத்தைத் தாண்டிவிடலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கும் மாறும். பிள்ளையின் பள்ளி எந்தக் கரையோ, வீடும் அந்தக் கரைதான். பத்து வயதுப் பிள்ளையை நாளுக்கு இரண்டு முறை பாலம் தாண்ட வைப்பது சரியான ஏற்பாடு இல்லை.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குணம்

சிஎம்சியைச் சுற்றியுள்ள தெருக்கள் குடும்பம் நடத்த ஏற்றவை அல்ல. மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வரும் நோயாளிகளும் கூட வருபவர்களும் தங்கும் லாட்ஜ் தெருக்கள் அவை. பெயர்ப் பலகைகளில் தமிழுக்கு அடுத்து வங்காளமும் இந்தியும் இருக்கும். அறைகளுக்கு நாள் வாடகை கிடைக்கும் இடத்தில் வீட்டுக்காரர் ஏன் மாத வாடகைக்கு விடப்போகிறார்? விட்டாலும் வாடகை அதற்கேற்பத்தான் இருக்கும். மாடி மேல் மாடியாக அறை போட்ட கட்டடங்களில் ஒரே போர் (ஆழ்துளைக் கிணறு), ஒரே செப்டிக் டேங்க் என்றால் தண்ணீரும் நாற்றமும் தினசரிப் பிரச்சினை. மருத்துவமனையில் நீண்ட சிகிச்சைக்கு வந்து நான்கைந்து மாதம் தங்க வேண்டியவர்களுக்கு வேண்டுமானால் இது பொருந்தும். மற்றவர்கள் கொசப்பேட்டை, சாயிநாதபுரம், வேலப்பாடி பக்கம் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தால் வீடு வீடாக இருக்கும்.

சத்துவாச்சாரி வளர்ந்ததே வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புப் பகுதிகளால். பேஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் இன்றும் ஆட்டோவில் இடம் சொல்வார்கள். வாரியம் போட்ட மனைகள் என்பதால் சாலை நேராக இருக்கும், பத்திரச் சிக்கல் குறைவு. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. குறை என்னவென்றால் நெடுஞ்சாலை ஊரைப் பிளந்துகொண்டு போகிறது. உங்கள் வீடு நெடுஞ்சாலைக்கு எந்தப் பக்கம், கடைத்தெரு எந்தப் பக்கம், கடக்கச் சுரங்கப்பாதை எங்கே, மழைக்கு அதில் தண்ணீர் நிற்குமா என்பதை நடந்தே பார்க்க வேண்டும். வயதானவர்கள் நெடுஞ்சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்கிற இடத்தில் வீடு எடுக்கவே கூடாது.

காந்தி நகர் காட்பாடிப் பக்கத்தில் பழைய, திட்டமிட்ட குடியிருப்பு. ஓய்வு பெற்றவர்கள், ஆசிரியர்கள், விஐடிக்காரர்கள். ஆக்சிலியம் கல்லூரி அங்கேயே இருக்கிறது. சென்னைக்கு வாரம் இருமுறை போய் வருகிறவர்களுக்கு வடகரைதான் சரி. காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சீசன் டிக்கெட் எல்லைக்குள் வரும் தூரம் என்பதால் தினமும் போகிறவர்களும் உண்டு. அப்படிப் போகிறவர்கள் ஸ்டேஷனுக்கு நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் வீடு எடுக்க வேண்டும். காலை ஆறு மணி ரயிலுக்குத் தென்கரையிலிருந்து வந்து சேர்வது ஆறு மாதத்தில் உடம்பை முறித்துவிடும். விஐடியை ஒட்டிய தெருக்கள் மட்டும் வேறு கதை. அங்கே வாடகை மாணவர் தலைக்கணக்கில் போகிறது. இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பேர் தங்கினால் வீட்டுக்காரருக்குக் கிடைப்பதை ஒரு குடும்பம் கொடுக்க முடியாது.

பாகாயம், ஓட்டேரி, தொரப்பாடி பக்கம் மரமும் மலையும் அமைதியும் உண்டு. சிஎம்சி மருத்துவக் கல்லூரி வளாகம் பாகாயத்தில், மருத்துவமனையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி ஓட்டேரியில். தென்கரைக்குள்ளேயே வாழ்க்கையை முடித்துக்கொள்கிறவர்களுக்கு நல்ல இடம். ரயிலுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு மிகத் தூரம். அதற்கும் தெற்கே அடுக்கம்பாறை, அரியூர், ஸ்ரீபுரம் பக்கம் மனை விலை இறங்கும். 2007-ல் பொற்கோயில் வந்த பிறகு ஸ்ரீபுரத்தைச் சுற்றி மனைப் பிரிவுகள் நிறைய முளைத்தன. விடுமுறை நாளில் அந்தச் சாலையில் வண்டி நகராது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மேற்கே கொணவட்டம், பொய்கை; கிழக்கே பெருமுகை, ரத்தினகிரி. ரத்தினகிரி அருகே சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகம் 2022-ல் திறந்து சில துறைகள் அங்கே போனதிலிருந்து கிழக்குப் பக்கத்துக்கு மவுசு கூடியிருக்கிறது. ஊழியர் என்றால் தன் துறை எந்த வளாகத்தில் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே வீடு தேட வேண்டும். மேற்கே பள்ளிகொண்டா தாண்டிக் குடியேறி தினம் காரில் வருகிறவர்கள் சுங்கச்சாவடிச் செலவை மாதக் கணக்கில் போட்டுப் பார்க்கட்டும். மனை விலையில் மிச்சப்பட்டது போலத் தோன்றியது அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

தண்ணீர்

கரை முடிவானதும் அடுத்தது தண்ணீர். மற்ற எதிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது.

ஊருக்குப் பழைய குடிநீர் ஆதாரங்கள் ஓட்டேரி ஏரியும், பாலாற்று மணலில் போட்ட கருகம்புத்தூர் நீரேற்று நிலையமும், பொன்னையாறும். மூன்றும் மழையை நம்பியவை. பின்னர் மேட்டூரிலிருந்து காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அத்தனை தூரம் குழாயில் வரும் தண்ணீர், ஏதாவது ஓரிடத்தில் குழாய் உடைந்தாலோ மின்சாரம் நின்றாலோ வழிநெடுக உள்ள எல்லா ஊருக்கும் தாமதமாகும். ஆகவே "காவிரித் தண்ணி வருது" என்று வீட்டுக்காரர் சொன்னால் அது பாதி பதில்தான். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், எத்தனை நிமிடம், மே மாதத்தில் எத்தனை நாள் இடைவெளி என்ற நான்கையும் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டில் குடம் வைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் கேட்டால் சரியான பதில் வரும்.

அந்தப் பதிலை வைத்துத் தொட்டியைக் கணக்குப் போடலாம். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பொதுவான அளவு. நான்கு பேருக்கு 540 லிட்டர். ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்தால் 2,700 லிட்டர். ஒரு முறை தவறினால் 5,400. ஆறடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி ஆழமுள்ள தரைத்தொட்டியில் சுமார் 5,100 லிட்டர் பிடிக்கும். போர்த் தண்ணீரும் துணைக்கு இருந்தால் அது போதும். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒன்றை மாடியில் வைத்துவிட்டு, தரைத்தொட்டியே இல்லாத வீடு என்றால், குழாய்த் தண்ணீர் வரும் இரவில் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். வாடகை குறைவாக இருப்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

போர் விஷயத்தில் ஆற்றோரத்துக்கும் மலையோரத்துக்கும் பெரிய வித்தியாசம். பாலாற்றங்கரையை ஒட்டிய மணற்பாங்கில் மேலேயே தண்ணீர் கிடைக்கும். ஆற்றிலிருந்து விலகிப் போகப் போகக் கருங்கல் பாறை. பாறைக்குள் தண்ணீர் வெடிப்புகளில்தான் ஓடும். வெடிப்பு அகப்பட்ட போருக்கு நீர் உண்டு, பத்தடி தள்ளிப் போட்டது வெறும் புழுதி கக்கும். "பக்கத்து மனையில் தண்ணீர் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும்" என்ற பேச்சு ஆற்றோரத்தில் செல்லும், மலையோரத்தில் செல்லாது. கட்டிய வீட்டை வாங்குவதாக இருந்தால் சித்திரை, வைகாசியில் போய் மோட்டாரைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாப் போரும் கொட்டும். அரை மணிக்குப் பிறகு நூல் போல இளைத்து, காற்றும் தண்ணீருமாக விட்டு விட்டு வந்தால் அந்தப் போர் ஒரு குடும்பத்தைத் தாங்காது.

தண்ணீரின் தரத்தைப் பற்றி இந்தப் பகுதியில் பேசும்போது தோலைப் பேசாமல் முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகத் தோல் பதனிடும் தொழில். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். அதை ஊறவைத்துக் கழுவும் நீரில் அந்த உப்பு முழுக்க இறங்கும். குரோம் முறையில் பதனிட்டால் குரோமியமும். பல்லாண்டு நிலத்தில் இறங்கிய அந்த நீருக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான் மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது. தீர்ப்பு வந்துவிட்டது, நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கும் மேலாகக் குவிந்து கிடந்தது. அந்தப் பக்கம் மலிவாக மனை கிடைக்கிறது என்று போகிறவர்கள் தண்ணீர்ப் பரிசோதனை இல்லாமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

கடையில் கிடைக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டும் காட்டும். குரோமியமோ புளூரைடோ அதில் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதே சரி. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிய சுத்தமான பிளாஸ்டிக் கேனில் இரண்டு லிட்டர் பிடித்துக் கொடுக்க வேண்டும். கிருமிப் பரிசோதனைக்குத் தனியாகக் கிருமி நீக்கிய பாட்டில் தேவை. முடிவு வந்தால் இந்திய தர நிர்ணயப்படி லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் பாருங்கள். கரைந்த உப்புகள் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. புளூரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45. குரோமியம் 0.05. நைட்ரேட் மட்டும் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் பக்கத்தில் சாக்கடையோ செப்டிக் டேங்கோ போருக்குள் கசிகிறது என்று பொருள். போருக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே குறைந்தது ஐம்பது அடி வேண்டும். முக்கால் கிரவுண்டு மனைகள் நெருங்கி இருக்கும் தெருவில் அந்த இடைவெளி கிடைப்பதே இல்லை.

ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே வீடு சில விஷயங்களைச் சொல்லிவிடும். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா, வாட்டர் ஹீட்டர் காயில் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கிறதா, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகிறதா என்று பாருங்கள். அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால், அடியில் படிவது கண்ணுக்குத் தெரியும்.

மழை வரும்போது

வறண்ட ஆறு என்று பாலாற்றை எளிதாக எண்ணிவிடுகிறோம். 2021 நவம்பரில் அதில் ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் போனது. கழிஞ்சூர் ஏரி நிரம்பி, உபரிநீர் வழியும் கோடி போய், காட்பாடிப் பக்கத் தெருக்களில் நீர் நின்றது. தென்கரையில் நிக்கல்சன் கால்வாய் நிரம்பினால் கன்சால்பேட்டை, இந்திரா நகர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வருவது பல மழைக்காலங்களில் நடந்திருக்கிறது. அதே நவம்பரில் காகிதப்பட்டறை மலையடிவாரத்தில் பாறை உருண்டு வீட்டின் மேல் விழுந்து உயிர் போனது. மலை பார்த்த வீடு அழகுதான். வீட்டுக்கு மேலே சரிவில் பிடிப்பில்லாமல் நிற்கும் உருண்டைப் பாறைகள் இருக்கின்றனவா என்று தலை நிமிர்ந்து பாருங்கள். சரிவில் மண் வெட்டி எடுத்திருந்தால் அந்த வீடு வேண்டாம்.

வட ஆற்காட்டு மண்ணில் ஏரியில்லாத ஊர் அரிது, ஊர்ப் பெயரே பல இடங்களில் அதைச் சொல்லிவிடும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. வடுகந்தாங்கல், வண்டறந்தாங்கல் என்று பெயர் வைத்த நம் முன்னோர் நீர் நிற்கும் இடத்தைத்தான் குறித்துவைத்தார்கள். மனை பார்க்கும்போது அருகிலுள்ள ஏரி எது, அதன் மதகு எங்கே, கோடி போனால் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று ஊரில் வயதான ஒருவரிடம் கேளுங்கள். ஏரியின் கரைக்குக் கீழே உள்ளது பாசன நிலம்; கோடிக்கு நேரே உள்ளது தண்ணீரின் பாதை. பல ஆண்டு ஏரி நிரம்பாமல் இருந்தால் அந்தப் பாதையில் மனை போட்டு விற்றுவிடுகிறார்கள். நிரம்புகிற ஆண்டில் தண்ணீர் தன் பழைய வழியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

தெருவில் பார்க்க வேண்டிய அடையாளங்களும் உண்டு. மதில் சுவரில் முழங்கால் உயரத்தில் நேர்கோடாகப் பெயிண்ட் உரிந்திருக்கிறதா? பழைய வீடுகள் எல்லாம் வாசலுக்கு மூன்று நான்கு படி ஏற்றிக் கட்டியிருக்கிறார்களா? கேட்டுக்கு உள்ளே அரையடி உயரத்துக்குச் செங்கல் தடுப்பு வைத்திருக்கிறார்களா? மின்மீட்டர் பெட்டியை யாராவது பின்னால் தூக்கி மாட்டியிருக்கிறார்களா? ஒரு தெருவில் நான்கு வீட்டில் இப்படி இருந்தால், தண்ணீர் வருமா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் பழைய வீட்டின் தரை சாலைக்குக் கீழே போயிருப்பதையும் கவனியுங்கள். அந்த வீட்டில் தெருச் சாக்கடை திரும்பி வரும்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலூரை வெயிலூர் என்று சொல்வதில் மிகையில்லை. சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. சுற்றியுள்ள பாறை மலைகள் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும். மேல்தள வீடு, மேற்குப் பார்த்த படுக்கையறை என்ற இரண்டும் சேர்ந்தால் வாடகையில் குறைத்ததை ஏசிக்கு மின்கட்டணமாகக் கட்டிவிடுவீர்கள். கத்திரி வெயிலில் மாலை ஏழு மணிக்கு அந்த அறைக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள்.

மனை வாங்குவதாக இருந்தால்

பத்திரத்தில் ஏமாறுவதற்கு முதல் காரணம் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. நகர் ஊரமைப்புத் துறையின், அதாவது டிடிசிபியின், அனுமதி எண் வேண்டும். அந்த எண்ணுள்ள வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டுக்கும் மேற்பட்ட மனைகள் கொண்ட திட்டம் ரெராவிலும், அதாவது மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்திலும், பதிவாகியிருக்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் அனுமதியில்லாமல் பிரித்து விற்ற மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் இருக்கிறது; அதில் வரன்முறை செய்த ஆணை கையில் இல்லாத மனையில் நாளை வீட்டு வரைபட அனுமதியும் வங்கிக் கடனும் கிடைக்காது.

வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுக்காவது எடுங்கள். அதில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும், நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கும், பங்கு கேட்கக் காத்திருக்கும் அத்தையும் தெரிய மாட்டார்கள். ஆகவே மூலப்பத்திரத்தை அசலாகப் பார்த்து, வாரிசு வரிசையைக் கையால் எழுதி, ஒவ்வொரு பெயரும் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று டிக் அடிக்க வேண்டும். பட்டா, நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு இரண்டையும் தமிழக அரசின் இணைய சேவைத் தளத்தில் பார்க்கலாம். அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், அனாதீனம் என்று எது இருந்தாலும் அத்தோடு எழுந்துவிட வேண்டும். கோயில் இனாம், வக்பு, பஞ்சமி நிலங்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. பதிவுச் சட்டம் 22-அ பிரிவில் தடை செய்யப்பட்ட புல எண்களின் பட்டியல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். புலப்பட வரைபடத்தை வைத்துக்கொண்டு சர்வேயரை அழைத்து நான்கு மூலைக் கல்லையும் அளந்துவிடுங்கள். முன்பணத்துக்கு முன் அளப்பதா, பின் அளப்பதா என்று கேட்டால், முன்தான்.

பணக் கணக்கில் பதிவுச் செலவை விட்டுவிடுகிறார்கள். 2023 ஏப்ரலிலிருந்து முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 9 சதவீதம். அரசு வைத்த வழிகாட்டி மதிப்பா, பத்திர விலையா, எது அதிகமோ அதன்மேல். இருபது லட்சத்து மனைக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. சிறிய மனை வாங்குகிற குடும்பங்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் வாடகைக்கு

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் உடனே வாங்காமல், பிடித்த பகுதியில் ஒரு வருடம் வாடகைக்கு இருப்பது நல்லது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிய வேண்டும். தனி மின்மீட்டர் இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்; உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கினால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது.

வாடகைக்குப் போகிற மாதத்தையும் யோசித்து வைத்துக்கொள்ளலாம். ஆடியில் இங்கே யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், காலி வீடுகள் நிற்கும், வாடகையைப் பேசிக் குறைக்க நல்ல நேரம். ஆடியில் பேசி ஆவணியில் குடிபுகுந்தால், ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். சித்திரையில் போர் எந்த வாரம் இளைக்கிறது, குழாய்த் தண்ணீர் எத்தனை நாள் தள்ளிப் போகிறது என்று தெரியும். பதினோரு மாத ஒப்பந்தம் அடுத்த ஆடி பிறக்கும் முன் முடியும். அந்த ஆடியில் பத்திரங்களைப் பார்த்து, மனையை அளந்து, வரும் ஆவணிக்குப் பதிவு வைத்துக்கொள்ளலாம்.